மதகடியில் நிற்கும் தம்பிக்கு

செம்பரம்பாக்கம் ஏரியின் பொறுப்பை ஏற்றிருக்கும் அன்புத் தம்பிக்கு,

சென்னையின் குடிநீருக்காக நிரம்பியிருக்க வேண்டிய ஏரியே, வடகிழக்குப் பருவமழையில் அடையாற்றங்கரை மக்களைக் காக்க இடம் விட்டும் இருக்க வேண்டியிருப்பதால், அங்குள்ள பொறியாளர் இரு தரப்பாரிடமும் நல்ல பெயர் வாங்குவது அரிது. 2015 டிசம்பர் 1 இரவு ஏறத்தாழ 29,000 கன அடி உபரிநீர், அதாவது ஏரி தாங்காமல் வெளியேற்றும் நீர், விநாடிதோறும் பாய்ந்தபோது முன்பே திறக்காதது ஏன் என்று கேட்ட நகரம், 2019இல் ஏரி வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது, மழைநீரைக் கடலுக்கு விட்டது ஏன் என்று கேட்டது. இரு கேள்விகளும் நியாயமானவையே.

ஏரியின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. விநாடிக்கு 1,000 கன அடி வீதம் ஒரு நாள் முழுதும் திறந்தால் வெளியேறுவது 86.4 மில்லியன் கன அடியே என்பதால், வெள்ளத்துக்கென 500 மில்லியன் கன அடி இடம் உண்டாக்க, புதிய நீர்வரத்து இல்லாதபோதும், ஏறத்தாழ ஆறு நாள் ஆகும். விநாடிக்கு 29,000 கன அடி நீர்வரத்து இருந்தாலோ அந்த இடம் ஐந்து மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரிநீரும் அடையாற்றில் சேர்வதால், ஆறு தணிந்திருக்கையிலேயே, எவருக்கும் தேவை தென்படாத வேளையிலேயே, திறக்க வேண்டியிருக்கிறது. அதற்கு வரும் ஏச்சைத் தம்பி தாங்கித்தான் ஆக வேண்டும்.

இரு இழப்புகளும் சமமானவை அல்ல. குறைந்த நீரை வீராணம் ஏரியிலிருந்தோ கடல்நீரைக் குடிநீராக்கும் நெம்மேலி நிலையத்திலிருந்தோ செலவு செய்து ஓரளவு ஈடுகட்டலாம்; போன உயிரை மீட்க இயலாது. ஆகவே ஐயம் தீராத இடத்தில் திறப்பதன் பக்கம் சாய்வதே முறை. ஆனால் சிறு மேகத்துக்கெல்லாம் அஞ்சி அக்டோபர் மழையை இழப்பதும் தவறே.

இதில் தடுமாற்றம் நேராதிருக்க, எந்த மட்டத்தில் எவ்வளவு திறப்பது என்பதைச் செப்டம்பரிலேயே மேலதிகாரிகளிடம் எழுத்தில் பெறுதல் வேண்டும். 19 கண் மதகின் ஒவ்வொரு ஷட்டரையும் லஸ்கர் எனப்படும் மதகுப் பணியாளருடன் ஏற்றியிறக்கிப் பார்த்தல் வேண்டும். மழை நாளில் மணிதோறும் நீர்மட்டம், வரத்து, ஷட்டர் உயர்ந்த அளவு ஆகியவற்றோடு, தொலைபேசியில் வந்த வாய்மொழி உத்தரவையும் நேரத்துடன் பதிவேட்டில் எழுதுதல் வேண்டும். குன்றத்தூர், திருமுடிவாக்கம், திருநீர்மலை மக்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்துகொண்டு, கூடுமானவரை பகல் வெளிச்சத்திலேயே முதல் ஷட்டரை உயர்த்துதல் நலம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற மூத்த பொறியாளர்