வீட்டுப் பூனை கீறினால் ஊசி போட்டுக்கொள்ள வேண்டுமா?

நெல்லும் தானியமும் சேர்த்துவைக்கும் குடியானவர் வீடுகளில் பூனை இல்லாத வீடு அரிது. எலித்தொல்லையைக் குறைப்பதால் பெரியவர்களுக்கு அது வேண்டியதாகிறது. விளையாட்டுக் காட்டுவதால் குழந்தைகளுக்குத் தோழனாகிறது. குழந்தைகள் அதை மடியில் வைத்துக்கொள்வதும், வாலைப் பிடித்து இழுப்பதும், அது சீறி நகத்தால் கீறிவிடுவதும் அன்றாட நிகழ்ச்சிகள். அப்போது வீட்டார் கீறலின்மேல் மஞ்சளையோ தேங்காயெண்ணெயையோ தடவி, "நம் வீட்டுப் பூனைதானே" என்று சொல்லிவிட்டு வயல்வேலைக்குப் போய்விடுகிறார்கள். நாய் கடித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்களும், பூனை கீறியதற்கு ஊசி போட்டுக்கொள்வது மிகை என்றே எண்ணுகிறார்கள். இவ்வெண்ணம் சரியா என்பதைச் சங்க அங்கத்தினர்கள் ஆராய்ந்து அறியும்பொருட்டு இப்பாடம் வரையப்படுகிறது.

1. வியாதியின் தன்மை

வெறிநாய்க்கடி வியாதி என்றும் ரேபிஸ் என்றும் வழங்கும் இந்நோய், வைரஸ் என்னும் மிக நுண்ணிய கிருமியால் உண்டாவது. நோய்கொண்ட பிராணியின் உமிழ்நீரில் இக்கிருமி இருக்கும். தோல் கிழிந்த இடத்தின் வழியாக உடலில் புகுந்து, நரம்புகளைப் பற்றிக்கொண்டு சிறிது சிறிதாக மூளையை நோக்கிச் செல்லும். மூளையை அடையும்வரையில் நோயாளிக்கு எவ்விதத் தொந்தரவும் தெரியாது. காயம் ஆறி, தழும்பும் மறைந்துபோயிருக்கும். பெரும்பாலும் 2 அல்லது 3 மாதங்களிலும், சிலருக்கு ஒரு வாரத்திலும், சிலருக்கு ஒரு வருஷம் கழித்தும் நோய் வெளிப்படலாம். தலை, முகம், கைவிரல் ஆகிய இடங்களில் ஏற்படும் காயம் அதிக அபாயமுள்ளது.

நோய் வெளிப்பட்ட பிறகு அதைக் குணப்படுத்தத்தக்க மருந்து இன்றுவரை இல்லை. தண்ணீரைக் கண்டு தொண்டை இறுகும் நிலைக்கு வந்தவர் பிழைப்பது அபூர்வத்திலும் அபூர்வம். ஆனால் நோய் வெளிப்படுவதற்கு முன் உரிய காலத்தில் முறையாகச் சிகிச்சை பெற்றால் இதை முற்றிலும் தடுத்துவிடலாம். வந்தபின் தீராததாயும், வருமுன் தடுக்கக்கூடியதாயும் இருப்பதே இவ்வியாதியின் விசேஷம்.

2. பூனைக்கு இது எவ்வாறு வருகிறது

மனிதருக்கு வரும் ரேபிஸில் 100க்கு 99 பங்கு நாயாலேயே வருகிறதென்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. ஆதலால் பூனையால் வருவது குறைவு என்பது மெய்யே. எனினும் தெருநாய்களிடையே இந்நோய் பரவியிருக்கும் நம் நாட்டில் பூனை அதற்குப் புறம்பானதன்று. பகலில் அடுப்பங்கரையில் படுத்திருக்கும் பூனை இரவில் கூரையேறிப் போய்விடுகிறது. அது எந்த நாயிடம் கடிபட்டது, எந்தக் காட்டுப்பூனையுடன் சண்டையிட்டது என்பதை வீட்டார் அறியார். மென்மயிரின் அடியில் இருக்கும் சிறு கடிக்காயம் கண்ணுக்கும் தெரியாது.

நகத்தில் விஷம் ஏது என்று சிலர் கேட்பர். பூனை ஓயாமல் தன் பாதங்களை நக்கிச் சுத்தம் செய்யும் இயல்புடையது. அதனால் உமிழ்நீர் நகத்தில் படிகிறது. கீறும்போது சீறுவதால் உமிழ்நீர் காயத்தில் தெறிப்பதும் உண்டு. இது பற்றியே நகக்கீறலையும் கடியோடு சேர்த்து வைத்தியர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளுகிறார்கள்.

3. மூன்று வகைகள்

பூனை யாருடையது, எவ்வளவு சாது என்பவற்றை முதலில் கேட்பதில் பயனில்லை. தோல் கிழிந்ததா என்பதே முதற்கேள்வி. இதைக்கொண்டு மூன்று வகை பிரித்திருக்கிறார்கள்.

முதல் வகை: பூனையைத் தொட்டது, சோறு வைத்தது, காயமில்லாத தோலை அது நக்கியது. இதற்கு ஊசி வேண்டியதில்லை, கழுவிக்கொண்டால் போதும்.

இரண்டாம் வகை: இரத்தம் வராத சிறு கீறல் அல்லது சிராய்ப்பு, மூடாத தோலைப் பல்லால் மெல்லக் கவ்வியது. இதற்குக் காயத்தைக் கழுவுவதோடு தடுப்பூசியும் போட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் வகை: தோலைத் துளைத்த கடி அல்லது கீறல், ஏற்கனவே உள்ள புண்ணை நக்கியது, கண், வாய் முதலிய இடங்களில் உமிழ்நீர் பட்டது. இதற்குக் கழுவுதல், தடுப்பூசி ஆகியவற்றோடு இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தையும் காயத்தினுள்ளும் அதைச் சுற்றியும் செலுத்த வேண்டும். தடுப்பூசியின் பலன் உடலில் உண்டாகச் சில நாட்கள் செல்லும். அந்த இடைக்காலத்துக்கு இம்மருந்து காவலாக நிற்கிறது.

வீட்டுப் பூனையின் கீறல் பெரும்பாலும் இரண்டாம் வகையிலோ மூன்றாம் வகையிலோ அடங்கும். ஆகவே இப்பாடத்தின் தலைப்பிலுள்ள கேள்விக்கு விடை இது: தோல் கிழிந்திருந்தால், கீறல் சிறிதாயினும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குச் சென்று ஊசியைத் தொடங்க வேண்டும்.

பூனைக்கு முன்னரே தடுப்பூசி போட்டிருந்தால் அபாயம் மிகக் குறைவு. அதற்குரிய சீட்டைக் கையோடு கொண்டுபோய் வைத்தியரிடம் காட்ட வேண்டும். அதை மாத்திரம் நம்பி வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லிக்கொள்வது தகாது.

4. முதற்காரியம் கழுவுதல்

ஆஸ்பத்திரிக்குப் புறப்படுமுன் காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவ வேண்டும். குழாய் இல்லாவிடில் ஒருவர் செம்பால் ஊற்ற மற்றவர் கழுவலாம். பதினைந்து நிமிஷம் என்பது நினைப்பதைவிட நீண்ட நேரம். கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வது நலம். சோப்பு இக்கிருமியை அழிக்கவல்லது. ஒரு காசும் அதிகச் செலவில்லாத இந்தச் சிகிச்சையைப் பலரும் செய்யாமல் விடுகிறார்கள். கழுவிய பின் அயோடின் கலந்த மருந்து இருந்தால் தடவலாம்.

மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள், புகையிலை, பச்சிலைச்சாறு முதலியவற்றை அப்புவது கூடாது. அவை காயத்தைப் புண்ணாக்குமேயன்றிக் கிருமியைக் கொல்லா. காயத்தை இறுகக் கட்டுவதும் ஆகாது. மந்திரிப்பதில் மனச்சமாதானம் காண்பவர்கள் ஊசி போட்டுக்கொண்ட பின் அதைச் செய்யட்டும். மந்திரத்துக்காக ஒரு நாளைக் கழிப்பது உயிரைப் பணயம் வைப்பதாகும்.

5. பத்து நாள் கவனிப்பும் அதிலுள்ள பிழையும்

பூனையைப் பத்து நாள் கவனித்தால் போதும் என்று பலர் கேள்விப்பட்டிருக்கிறார்கள். இதில் உண்மை உண்டு. நாய், பூனை ஆகிய இரண்டிலும், நோய்க்குறி தோன்றுவதற்குச் சில நாட்களுக்கு முன்னரே உமிழ்நீரில் கிருமி வரத் தொடங்கும். குறி தோன்றியபின் பிராணி விரைவில் மாண்டுபோகும். எனவே கீறிய நாளிலிருந்து 10 நாள் கழித்தும் பூனை ஆரோக்கியமாக இருந்தால், கீறிய அன்று அதன் உமிழ்நீரில் கிருமி இல்லை என்று கொள்ளலாம். குரங்கு, நரி, கீரி முதலியவற்றுக்கு இக்கணக்குப் பொருந்தாது.

பிழை எங்கே நேருகிறதென்றால், பத்து நாள் பார்த்துவிட்டுப் பிறகு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பதில்தான். இதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். நடவுக்காலத்தில் ஒரு திங்கட்கிழமையன்று இரண்டு வீடுகளில் ஏழு வயதுப் பெண்குழந்தைகளைப் பூனை கீறிவிடுகிறதென்று வைத்துக்கொள்வோம். முதல் வீட்டார் நடவுக்கூலி கெடுமே என்று பூனையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வியாழக்கிழமை இரவு வெளியே போன பூனை திரும்பவில்லை. அது வண்டியில் அடிபட்டதோ, நோயால் எங்காவது மாண்டதோ, அயலூர் போயிற்றோ, யாரும் அறியார். குழந்தையோ தெருவில் ஓடி விளையாடுகிறது, கீறல் ஆறிவிட்டது. இனி அந்தத் தாய் எதைக் கொண்டு நிச்சயிப்பாள்? இரண்டாம் வீட்டார் திங்கட்கிழமையே கழுவி ஊசியைத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் பூனையும் வியாழக்கிழமை காணாமற்போயிற்று. அவர்களுக்குக் கலக்கமில்லை, மிகுதி ஊசிகளைப் போட்டு முடிப்பார்கள்.

ஆகவே ஊசியும் கவனிப்பும் ஒரே நாளில் தொடங்க வேண்டியவை. பூனை நலமாக இருந்தால் மேற்கொண்டு ஊசி வேண்டாமென்று வைத்தியர் நிறுத்திவிடலாம். அதுவரை போட்டது வீணாகாது. சீட்டைப் பத்திரப்படுத்தினால் பின்னொரு சமயம் கடிபட்டபோது வைத்தியருக்கு உதவும்.

முதல் வீட்டாரைப்போல் தாமதித்தவர்களும் இனிப் பயனில்லையென்று இருந்துவிடலாகாது. நாட்கள் கழிந்திருந்தாலும் உடனே சென்று தொடங்க வேண்டும்.

கவனிக்கும்போது பார்க்க வேண்டியவை: காரணமின்றிப் பாய்தல், இருட்டில் பதுங்குதல், குரல் மாறுதல், எச்சில் ஒழுகுதல், பின்னங்கால் இழுத்தல், தீனியை வெறுத்தல். இவற்றில் ஏதேனும் தோன்றினால் பூனையைத் தொடாமல் கால்நடை வைத்தியருக்கும் ஆஸ்பத்திரிக்கும் தெரிவிக்க வேண்டும். கீறியதற்காகப் பூனையை அடித்துக் கொல்வது தவறு. கொன்றுவிட்டால் கவனிக்க ஒன்றுமில்லாமற்போகும்.

6. ஊசியின் தவணைகள்

சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் தோலுக்குள் போடும் முறையைக் கையாளுகிறார்கள். ஒரு வருகைக்கு இரண்டு புயங்களிலும் ஒவ்வொரு சிறு ஊசி. முதல் ஊசி போட்ட நாளைப் பூஜ்யமாகக் கொண்டு 3, 7, 28 ஆகிய நாட்களில் மறுபடியும் போட வேண்டும். மாதத்தின் 1ந் தேதி தொடங்கினால் 4, 8, 29 தேதிகளில் வரவேண்டும் என்பது கணக்கு. தசையில் போடும் முறையில் இவற்றோடு 14ஆம் நாளும், அதாவது 15ந் தேதியும் சேரும். முன்னமே முழுதும் போட்டுக்கொண்டவருக்கு மறுபடி கடிபட்டால் பூஜ்ய நாளிலும் 3ஆம் நாளிலும் போட்டால் போதும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் கைக்குழந்தைகளும் இவ்வூசியைப் போட்டுக்கொள்ளலாம், தவிர்ப்பதே அபாயம்.

ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும் இத்தடுப்பூசி இனாமாகப் போடப்படுகிறது. இம்யூனோகுளோபுலின் பெரிய ஆஸ்பத்திரியில்தான் கிடைக்குமென்றால் அங்கே அனுப்புவார்கள்; முதல் தடுப்பூசி போட்டு ஒரு வாரத்துக்குள் அதைப் பெற்றுவிட வேண்டும். டெட்டனஸ் ஊசி தேவையா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம். கீறிய பக்கத்து அக்குளிலோ கழுத்திலோ நெறிகட்டிக் காய்ச்சல் வந்தால், அது பூனைக்கீறலால் வரும் வேறொரு நோயாக இருக்கலாம். அதற்கும் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

கடன் தவணை தவறினால் சங்கத்தில் வட்டியோடு கட்டிக்கொள்ளலாம். இந்தத் தவணை தவறினால் அடுத்த நாளே சென்று போட்டுக்கொண்டு தொடர வேண்டும். முற்றிலும் விட்டுவிட்டால் பின்னர் எதைக் கொடுத்தும் ஈடுசெய்ய முடியாது.

7. பழைய பயம்

முற்காலத்தில் வெறிநாய் கடித்த தென்னாட்டார் வடக்கே கசௌலிக்குப் போகவேண்டியிருந்தது. 1907இல் குன்னூரில் பாஸ்டர் ஸ்தாபனம் ஏற்பட்டபின் அத்துன்பம் நீங்கிற்று. அக்காலத்தில் ஆட்டு மூளையிலிருந்து செய்த மருந்தை வயிற்றில் நாள்தோறும் குத்தினார்கள். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்னும் பேச்சு அதிலிருந்து வந்தது. அந்த மருந்தை இந்தியாவில் 2004ஆம் வருஷத்தோடு கைவிட்டுவிட்டார்கள். இப்போதைய மருந்து வேறு; குத்துமிடமும் வேறு. பாட்டனார் பட்ட வேதனையை நினைத்துப் பேரப்பிள்ளையை வீட்டில் நிறுத்திவைப்பது நியாயமன்று.

8. சங்கம் செய்யக்கூடியவை

அருகிலுள்ள எந்த நிலையத்தில் தடுப்பூசியும் எந்த ஆஸ்பத்திரியில் இம்யூனோகுளோபுலினும் கிடைக்கின்றன என்பதை விசாரித்துச் சங்கக் கட்டடத்தின் சுவரில் எழுதிவைக்கலாம். ஊசி தொடங்கியவர்களின் தவணைத் தேதிகளை ஒரு நோட்டில் குறித்து, முதல்நாள் மாலை நினைவூட்டலாம். கூலி இழப்புக்கு அஞ்சும் ஏழை அங்கத்தினருக்குப் பொது நன்மை நிதியிலிருந்து பஸ் கட்டணம் கொடுக்கப் பஞ்சாயத்தார் தீர்மானம் செய்யலாம்.

பூனைக்கும் நாய்க்கும் 3 மாத வயதில் தடுப்பூசி போட்டு, ஒரு வருஷம் கழித்து மறுபடியும், பின்னர் கால்நடை வைத்தியர் சொல்லுகிறபடியும் போட்டுவர வேண்டும். பாஸ்டர் காலமான செப்டம்பர் 28ந் தேதி உலக ரேபிஸ் தினமாக அனுஷ்டிக்கப்படுகிறது. அதையொட்டிப் பல இடங்களில் பிராணிகளுக்கு இலவச ஊசி முகாம்கள் நடக்கின்றன. சங்கத்தார் முயன்றால் தம் ஊரிலும் ஒன்று நடத்தச் செய்யலாம்.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. அடி விழுமென்று அஞ்சிக் குழந்தைகள் கீறலை மறைத்துவிடுகிறார்கள். கீறல்பட்டால் உடனே சொல்லவேண்டும், சொன்னால் யாரும் கோபிக்கமாட்டார்கள் என்பதை ஒவ்வொரு தாய்தந்தையும் இன்றைக்கே தம் குழந்தைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

கூட்டத்தில் கேட்க வேண்டிய வினாக்கள்

1. இரத்தம் வராத கீறலுக்கு ஊசி வேண்டுமா? ஏன்?
2. காயத்தை எத்தனை நிமிஷம், எதைக்கொண்டு கழுவ வேண்டும்?
3. பூனையைக் கவனிப்பதும் ஊசியும் ஏன் ஒரே நாளில் தொடங்க வேண்டும்?
4. 1ந் தேதி முதல் ஊசி போட்டவர் அடுத்து எந்தெந்தத் தேதிகளில் செல்ல வேண்டும்?
5. நம் ஊருக்கு அருகில் இம்மருந்துகள் எங்கே கிடைக்கின்றன?

ஐந்தாம் வினாவுக்கு விடை இப்பாடத்தில் இல்லை. அடுத்த கூட்டத்துக்கு முன் அங்கத்தினர் ஒருவர் நேரிற் சென்று அறிந்து வருவாராக.