குயில்ட் தைக்கத் துணி வெட்டுகிறீர்களா?

துண்டு துண்டாக இணைத்துத் தைக்கும் குயில்ட்டில் பாதி வேலை வெட்டிலேயே முடிந்துவிடுகிறது. ஒரு துண்டில் அரை நூல், அதாவது 1/16 அங்குலம் கூடினால் கண்ணுக்கே தெரியாது. பத்துத் துண்டு சேரும்போது அரை அங்குலத்துக்கு மேல் போய்விடும். அப்புறம் எங்கே மூலைக்கு மூலை பொருந்துவது?

1. புதுப் பருத்தித் துணியை முதலில் அலசிக் காயவையுங்கள். சுருங்குவது இப்போதே சுருங்கட்டும். சிவப்பு, கருநீலத் துணிகளின் மேல் ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துணியை அழுத்தினால் சாயம் போகுமா என்று தெரிந்துவிடும்.

2. லேசாகக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்தால் துணி நழுவாது. பெட்டியை இழுத்துத் தேய்க்காமல், தூக்கித் தூக்கி வைத்து அழுத்துங்கள். இழுத்தால் துணி கோணிக்கொள்ளும்.

3. கத்தரிக்கோலைவிட, வட்ட பிளேடை உருட்டி வெட்டும் ரோட்டரி கட்டர் கைகொடுக்கும். ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979-இல் கொண்டுவந்த கருவி இது. ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் 45 மி.மீ. பிளேடு உள்ளது போதும். வளைவுகளுக்கு 28 மி.மீ. வசதி.

4. அடியில் கட்டிங் மேட் கட்டாயம். கடப்பாக்கல் மேல் வெட்டினால் பிளேடு அன்றைக்கே மழுங்கிவிடும். மேட்டை வெயிலில் வைக்காதீர்கள், சுருட்டாதீர்கள், நெளிந்தால் நெளிந்ததுதான்.

5. 6 அங்குல அகலம், 24 அங்குல நீளத்தில் அக்ரிலிக் ஸ்கேல் வாங்குங்கள். வழுக்கினால் அடியில் உப்புத்தாள் துண்டுகளை ஒட்டலாம். விரல்களை ஸ்கேலில் ஊன்றி, சுண்டுவிரலை மட்டும் மறுபக்க ஓரத்துக்கு வெளியே பதியுங்கள். கை இருக்கும் இடம் வரை வெட்டியதும் கட்டரை எடுக்காமல் நிறுத்தி, கையை மேலே நகர்த்திவிட்டுத் தொடருங்கள். கட்டர் எப்போதும் உடம்பிலிருந்து விலகியே ஓட வேண்டும்.

6. பலரும் தடுமாறுவது பட்டை வெட்டுவதில்தான். துணியைக் கரையோடு கரை சேர்த்துப் பிடியுங்கள். மடிப்பு முறுக்கில்லாமல் தொங்கும் வரை ஒரு கரையை மெல்ல நகர்த்துங்கள். மேட்டில் விரித்து, மடிப்புக்குச் செங்குத்தாக முதல் வெட்டு. கொஞ்சம் சாய்ந்தாலும் பட்டையை விரிக்கும்போது நடுவில் 'வி' போல முறியும். மூன்று, நான்கு பட்டைக்கு ஒருமுறை ஓரத்தை மறுபடி நேராக்குங்கள். கரையைத் தையலில் சேர்க்க வேண்டாம். அங்கே நெசவு இறுக்கம், துவைத்தால் சுருக்கி இழுக்கும்.

7. தையலுக்குப் பக்கத்துக்கு ¼ அங்குலம். தைத்தபின் 4 அங்குலம் நிற்க வேண்டிய சதுரத்தை 4½ ஆக வெட்டுங்கள். இரண்டு முக்கோணங்களைச் சேர்த்து அதே அளவுச் சதுரம் வேண்டுமென்றால், ஒவ்வொரு நிறத்திலும் 4⅞ அங்குலச் சதுரம் வெட்டி, மூலைக்கு மூலை இரண்டாக்குங்கள். இந்தக் கணக்கு எனக்கு ஒத்துவராது. 5 அங்குலமாக வெட்டி, தைத்த பிறகு 4½-க்குச் சீராக்கிவிடுவேன். துணி கொஞ்சம் வீண்தான், தலைவலி இல்லை. முக்கோணத்தின் நீளப்பக்கம் க்ராஸ், அதாவது இழைக்குச் சாய்வாக வெட்டியது என்பதால் தொட்டாலே நீளும், இழுக்காதீர்கள்.

8. துணிக் கத்தரியால் காகிதம் வெட்டவே கூடாது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒளித்து வையுங்கள்! அடர்நிறத் துணியில் கோடு போட டெய்லர்கள் போல் தேய்ந்த சோப்புச் சில்லே போதும்.

9. அங்கங்கே ஓர் இழை அறுபடாமல் நின்றால் பிளேடை மாற்றுங்கள். குண்டூசி மேல் ஏறினால் பிளேடில் பல் விழும். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் மூடியைப் போடுங்கள். பழைய பிளேடை அப்படியே குப்பையில் வீசாமல், தகர டப்பாவில் போட்டு டேப் ஒட்டிக் கொடுங்கள். குப்பை அள்ளுபவரின் கையைக் கிழிக்க மழுங்கிய பிளேடே போதும்.