முழங்கால் வலி என்கிற பிள்ளையின் இடுப்பையும் பாருங்கள்



இம்முறை இடுப்பு மூட்டைப் பற்றிச் சிறிது படிப்போம். வயதானவர்களின் வியாதிதானே என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நாம் பேசப்போவது பள்ளி மைதானத்தில் கபடி ஆடுகிற பிள்ளைகளைப் பற்றி.

சிவகாசிப் பக்கத்துக் கிராமத்தில் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். சற்றுப் பருத்த உடம்பு. மூன்று வாரமாக வலது முழங்கால் வலி என்கிறான், லேசாக நொண்டுகிறான். அம்மா பட்டாசு ஆலைக்குப் போகிறவர். ஒரு நாள் நின்றால் ஒரு நாள் கூலி போயிற்று. ஆகவே சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவிவிடுகிறார்கள். பிறகு முழங்காலுக்கு எக்ஸ்ரே, அதில் ஒன்றுமில்லை. பி.டி. வாத்தியாருக்கோ, பையன் நடிக்கிறானோ என்று சந்தேகம்.

அவன் நடிக்கவில்லை. இடுப்பு மூட்டுக்குப் போகிற நரம்பே முழங்காலுக்கும் கிளை விடுகிறது. ஆனபடியால் கோளாறு மேலே இருக்க, வலி கீழே தெரியும். வளர்கிற வயதில் தொடை எலும்பின் உருண்டைத் தலைக்கும் கழுத்துக்கும் நடுவே குருத்தெலும்புத் தகடு ஒன்று உண்டு. ஏறக்குறைய 10 முதல் 16 வயதுக்குள், முக்கியமாக எடை கூடிய பிள்ளைகளுக்கு, அந்தத் தகட்டில் தலை நழுவிவிடுவதுண்டு. சீக்கிரம் கண்டால் பெரும்பாலும் ஒரே ஒரு திருகாணி போட்டு நிறுத்திவிடலாம். தாமதித்தாலோ, பலமாக இழுத்து உருவினாலோ, தலைக்குப் போகிற இரத்த ஓட்டம் தடைப்பட்டு எலும்பு செத்துப்போகலாம். அப்புறம் ஆயுள் முழுவதும் நொண்டல்தான்.

வீட்டிலேயே பார்க்கலாம். பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மார்பை நோக்கி மெதுவாக மடக்குங்கள். கால் நேரே வராமல் வெளிப்பக்கம் திரும்பிக்கொள்கிறதா? குத்தவைக்க முடியவில்லையா? அன்றைக்கே நடையை நிறுத்தி, தூக்கிக்கொண்டு வாருங்கள். எக்ஸ்ரேயில் இரண்டு இடுப்பையும் எடுக்கச் சொல்லுங்கள். மறுபக்கமும் நழுவுவது உண்டு.

இன்னும் சிறிய பிள்ளைகளுக்கு வருவது பெர்த்தெஸ் நோய். 1910-ல் அமெரிக்காவில் லெக், பிரான்சில் கால்வே, ஜெர்மனியில் பெர்த்தெஸ் ஆகிய மூவரும் தனித்தனியே இதை விவரித்தார்கள். அதுவரை பலரும் இதைக் காசநோய் என்றே எண்ணியிருந்தார்கள். மணிப்பாலைச் சேர்ந்த டாக்டர் பெஞ்சமின் ஜோசப்பும் உடன் பணியாற்றியவர்களும் 1988-ல் தென்னிந்தியாவில் இந்நோயின் பரவலைப் பற்றி ஆய்வு வெளியிட்டார்கள். இதில் சம்மணம் போடுவது கடினமாகும். தரையில் உட்காருகிற நம் வழக்கம் இங்கே ஒரு நன்மை. தாய்மார் கண்ணில் சீக்கிரம் பட்டுவிடும்.

காசநோயை மறந்துவிடவும் கூடாது. எலும்புக் காசநோயில் முதுகெலும்புக்கு அடுத்தபடி அது தாக்குவது இடுப்பு மூட்டைத்தான். மாலைக் காய்ச்சல், எடை குறைதல், இரவில் வலியால் அலறி எழுதல் இருந்தால் சந்தேகியுங்கள். அரசின் மருந்து இலவசம்.

ஓடும்போது 'டப்' என்று இடுப்பில் ஏதோ விட்டதுபோல் வலித்தால், தசைநார் எலும்புத் துணுக்கைப் பிய்த்திருக்கலாம். அதற்குப் பெரும்பாலும் ஓய்வும் ஊன்றுகோலும் போதும்.

டென்னிஸ் வீரர் ஆண்டி முர்ரே 2019 ஜனவரியில் இடுப்பு மூட்டில் உலோக மூடி பொருத்திக்கொண்டு, அக்டோபரில் ஆண்ட்வெர்ப் நகரில் பட்டம் வென்றார். நம் பையனுக்கும் அப்படிச் செய்யலாமே என்று கேட்கத் தோன்றும். முர்ரேக்கு அப்போது 31 வயது. வளருகிற எலும்புக்கு அது வழியல்ல. நம் பையனுக்குத் திருகாணியும் சில வாரம் ஊன்றுகோலுமே தேவை. டாக்டர் சொல்லும்வரை கபடி இல்லை. ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து புள்ளி எழுதட்டும்.