பொறியின் தீர்ப்பும் நமது தெளிவும்

கணிப்பொறி ஒரு முறையை ஆராய்ந்து ‘பிழையின்று’ என வாளா கூறின், நாம் தெளிவது யாது? 1978-ஆம் ஆண்டில் நீடம், ஷ்ரோடர் என்பார், தொலைவிலுள்ளார் ஒருவரையொருவர் மெய்யாக அறிதற்கு ஒரு மறைமடல் முறை வகுத்தனர். 1995-இல் கேவின் லோ என்பார் அதன்கண் ஓர் ஓட்டை கண்டார். மறு ஆண்டு ஆய்வுப்பொறியும் அதனைப் படிப்படியாக எழுதிக் காட்டிற்று. சிறுவர்க்கும் விளங்கும் கதையது! ஒருவன், கள்வனென்றறியாது, அவனுக்கு மடல் விடுக்கின்றான். கள்வன் அதனை முதல்வன் பெயராலேயே மூன்றாமவனுக்கு அனுப்புகின்றான். வந்த மறுமொழியை முதல்வனைக் கொண்டே திறப்பித்துக்கொள்கின்றான். மறுமொழி விடுப்போன் தன் பெயரையும் அதனுட் பொதிதலே மருந்து.

திருத்திய முறையைப் பொறி ‘பிழையின்று’ என்றது. இவ்விடையிற் கதையில்லை, ஆராய்ந்ததோ மிகச் சிறு குழு. ஆதலின் எத்துணைப் பெரிய குழுவிற்கும் அது பொருந்துமென்பதை லோ தாமே எழுத்தால் நிறுவினார். நாம் கற்கத்தக்கது அவ்வெழுத்தே.