சாட்சி எத்தனை பேர்?

அமெரிக்காவில் ஆதியில் குடியேறிய பியூரிட்டன் கிறிஸ்தவர்கள் விபசாரத்திற்கு மரண தண்டனை வைத்திருந்தார்கள். மாசசூசெட்ஸில் 1644-ல் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் அதற்காகக் கொன்றார்கள். அதே தேசத்தில் நியூயார்க் மாகாணம், விபசாரம் குற்றமென்ற 1907-ம் வருஷத்துச் சட்டத்தை 2024-ல் ரத்துச் செய்துவிட்டது.

தூரதேசம் எதற்கு? பிறன் மனைவியை ஆசைகாட்டி அழைத்துச் சென்றவனைத் தண்டிக்கும் 498-வது பிரிவு நம் மலேசியாவிலும் இருந்தது. ஆங்கிலேயர் இந்தியாவுக்கு 1860-ல் எழுதிய சட்டத்தின் வழிவந்தது அது. முறையிடும் பாத்தியதை கணவனுக்கு மட்டுமே. கணவனைப் பறிகொடுத்தவளுக்கு இல்லை. 2023 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. “கட்டுப்பாடே போயிற்று” என்றார்கள் நம் கடையில். நாம் அப்படி நினைக்கவில்லை.

தேயிலைத் தோட்டங்களில் அக்காலத்தில் பெண்கள் சொற்பம். 1931 ஜனக்கணக்கில் மலாயா இந்தியரில் ஆண்களில் பாதிகூடப் பெண்கள் இல்லை. லயத்தில் ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம். சச்சரவு வந்தால் பழி பெண் தலையில்.

அந்தப் பழி வளரும் இடம் நம் கடைப்பலகையும்தான். கோலா தெர்லாவில் சென்ற மாதம் ஒருத்தியைப் பற்றிப் பேச்சு வந்தது. நாமும் தராசைப் பிடித்தபடி சிரித்தோம். இரவில் அந்-நூர் அத்தியாயம் நினைவுக்கு வந்தது. நான்கு சாட்சியின்றிக் கற்புள்ள பெண்மீது பழி சொன்னால் எண்பது கசையடி! பார்வையைத் தாழ்த்தும் கட்டளையும் முதலில் ஆண்களுக்கே (30-வது வசனம்), பிறகுதான் பெண்களுக்கு.

மறுநாளும் அதே பேச்சு. “சாட்சி எத்தனை பேர், பாய்?” என்றோம். சாமானை எடுத்துக்கொண்டு போனவர் ஒரு வாரம் கடைப்பக்கம் வரவில்லை.