ஃப்ரீமான்ட் ஆலையில் தொங்கிய கயிறு



இந்த வார எபிசோடில் எலக்ட்ரிக் கார் போட்டியைப் பத்திப் பேசும்போது ஒரு கேள்வியைப் பாதியில் விட்டுட்டோம்: ஜெயிக்கிற கம்பெனி செய்றதை இன்னொரு கம்பெனி அப்படியே காப்பியடிச்சா போதாதா? அதுக்குப் பதில் சொல்லும் கதை நம்ம பே ஏரியாவிலேயே இருக்கு. வார்ம் ஸ்பிரிங்ஸ் பார்ட் ஸ்டேஷன் பக்கத்தில் பெரிசா நிற்குதே, அந்த டெஸ்லா ஆலைதான் இடம்.

முதலில் கதை

டெஸ்லாவுக்கு முன்னாடி, 1960-களிலிருந்து அது ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை. நல்ல பேர் இல்லை. தினமும் 20 சதவீதத்துக்கும் மேலான ஆட்கள் வேலைக்கு வர மாட்டார்கள். நிர்வாகத்துக்கும் யூனியனுக்கும் ஓயாத சண்டை. 1982-ல் ஜி.எம். அதை மூடியது.

அடுத்த வருஷமே ஒரு வினோதமான கூட்டணி அமைந்தது. ஜி.எம்.மும் அதன் போட்டியாளரான டொயோட்டாவும் சேர்ந்து அதே ஆலையை நடத்த ஒப்பந்தம் போட்டார்கள். பேர் 'நம்மி'. ஆளுக்கொரு கணக்கு இருந்தது. சின்ன கார்களை லாபத்தில் தயாரிப்பது எப்படி என்று ஜி.எம். கத்துக்க நினைத்தது. டொயோட்டாவுக்கோ, 1981 முதல் ஜப்பானிய கார் ஏற்றுமதிக்கு உச்சவரம்பு இருந்ததால், அமெரிக்காவிலேயே கார் தயாரிக்க வேண்டிய கட்டாயம். தங்கள் முறை அமெரிக்கத் தொழிலாளர்களிடம் செல்லுபடியாகுமா என்று பார்க்கணும்.

1984 டிசம்பரில் முதல் கார் வெளியே வந்தது. ஆட்களில் பெரும்பாலானோர் பழைய ஆலையில் வேலை பார்த்த அதே ஆட்கள், அதே யூனியன். ஆனால் வேலைக்கு வராதவர்கள் 3, 4 சதவீதமாகக் குறைந்தார்கள். காரின் தரம் ஜப்பானில் செய்ததற்கு இணையாக இருந்தது.

என்ன மாறியது? எல்லாரும் முதலில் சுட்டிக்காட்டுவது ஒரு கயிறு. லைன் ஓரமா மேலே தொங்கும் 'ஆண்டான்' கயிறு. போல்ட் சரியா உட்காரலையா, கதவு பொருந்தலையா, எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். டீம் லீடர் ஓடி வருவார். ரெண்டு பேரும் உடனே சரிசெய்ய முடியலைன்னா லைன் நிற்கும். பழைய ஆலையில் லைனை நிறுத்துவது கிட்டத்தட்ட குற்றம். குறையோடவே கார் நகர்ந்து போகும். கடைசியில் வேறு யாரோ பிரிச்சு ரிப்பேர் பார்க்கணும்.

இனி பாடம்

டொயோட்டா எதையும் ஒளிக்கவில்லை. ஜி.எம். தன் மேனேஜர்களை அனுப்பியது. அவர்கள் தினமும் உள்ளே நின்று பார்த்தார்கள். வேறொரு ஜி.எம். ஆலையை நம்மி மாதிரி ஆக்குவதற்காக, அங்கே போய் ஒவ்வொரு அங்குலத்தையும் போட்டோ எடுத்துட்டு வரச் சொன்னதாக ஒரு கதைகூட உண்டு. ஆனாலும் மற்ற ஆலைகளில் அந்த மாற்றம் மிக மெதுவாகத்தான் வந்தது. சில இடங்களில் வரவே இல்லை. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கிட்ட கதைன்னு பாட்டி சொல்லக் கேட்டிருப்பீங்களே, அதுதான்.

இதை விளக்க ஜே பார்னி என்ற மேனேஜ்மென்ட் பேராசிரியரின் 1991 கட்டுரை உதவும். ஒரு கம்பெனியின் பலத்தை மற்றவர்கள் காப்பியடிக்க முடியாமல் போக அவர் மூன்று காரணங்கள் சொல்கிறார். அதை அப்படியே ஃப்ரீமான்ட்டில் வைத்துப் பார்ப்போம்.

ஒன்று, வரலாறு. 1950-ல் டொயோட்டா திவாலாகும் நிலைக்குப் போய், ஆட்குறைப்பு, பெரிய வேலைநிறுத்தம் எல்லாம் நடந்து, நிறுவனர் கீச்சிரோ டொயோடாவே பதவி விலகினார். தொழிலாளியோடு உறவு எப்படி இருக்கணும் என்பதை அந்தக் கம்பெனி அடிபட்டுக் கத்துக்கிட்டது. அந்த வருஷங்களைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

இரண்டு, காரணம் புரியாமை. ஜெயிப்பது தெரியுது, எதனால் என்பது தெரியலை. கயிறா, டீமா, உதிரிபாகம் வரும் முறையா? ஒன்றை மட்டும் பிய்த்தெடுத்தால் அது வேலை செய்யாது. கயிறு இழுபட்டதும் ஓடி வர கை காலியா ஒரு டீம் லீடர் வேணும். இன்னிக்கு எத்தனை கார் என்பதை மட்டுமே வைத்து அவருடைய மேனேஜரை எடைபோடாத ஒரு கம்பெனியும் வேணும்.

மூன்று, மனிதர்களுக்கு இடையேயான நம்பிக்கை. நம்மியின் யூனியன் ஒப்பந்தத்தில், நிறுவனமே ஆட்டம் காணும் நிலை வந்தால் ஒழிய ஆட்குறைப்பு இல்லை என்ற வாக்குறுதி இருந்தது. 1988-ல் விற்பனை சரிந்து ஆலை 60 சதவீதத்துக்கும் கீழே ஓடியபோது யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை, பயிற்சி கொடுத்தார்கள். கயிற்றை இழுக்கும் கைக்குத் தைரியம் அங்கிருந்துதான் வந்தது.

டொயோட்டா தனக்கு வேண்டியதைச் சீக்கிரமே கத்துக்கிட்டு, 1988-லேயே கென்டக்கியில் சொந்த ஆலையில் உற்பத்தியைத் தொடங்கிவிட்டது. ஜி.எம்.முக்கும் ஓரளவு பலன் உண்டு: 1992-ல் ஜெர்மனியின் ஐசனாக் நகரில் திறந்த புது ஆலையில் நம்மி பாடம் நன்றாகவே வேர்விட்டது. பழைய பழக்கங்கள் இல்லாத இடம் அது.

நம்ம பக்கம்

நான் ஒரு கான்ட்ராக்டர். ஒரு கிளையன்ட்டிடம் எங்க டீமுக்குக் கான்பான் போர்டு இருந்தது. கான்பான் டொயோட்டா ஆலைகளில் பிறந்த முறை. 'யார் வேணும்னாலும் ரிலீஸை நிறுத்தலாம்' என்று போர்டுக்கு மேலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். ரிலீஸுக்கு முதல் நாள் ஒரு பக் என் கண்ணில் பட்டது. மெதுவா ஒருமுறை சொன்னேன். "அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள். அடுத்த மாசம் என் ரின்யூவல். வாயை மூடிக்கிட்டேன். அந்த பக் புரொடக்‌ஷனுக்குப் போய் ஒரு வார இறுதியை எல்லாருக்கும் காலி பண்ணியது. கயிறு இருந்தது, இழுக்கத்தான் ஆளில்லை. அந்த ஆள் நான்தான்.

கதைக்குச் சுகமான முடிவும் கிடையாது. 2009-ல் ஜி.எம். திவாலாகி நம்மியிலிருந்து விலகியது, டொயோட்டாவும் தொடரவில்லை. 2010 ஏப்ரல் 1 அன்று கடைசி கார் வெளியேற, சுமார் 4,700 பேர் வேலை இழந்தார்கள். எல்லாத்தையும் சரியாகச் செய்தவர்கள் அவர்கள். அடுத்த மாதமே அந்த ஆலையை 42 மில்லியன் டாலருக்கு டெஸ்லா வாங்குவதாக அறிவிப்பு வந்தது. கட்டடம் கைமாறிவிடும். அதற்குள் இருந்த நம்பிக்கை அப்படிக் கைமாறாது.

அதனால் உங்களில் முதல் வேலைக்கு இன்டர்வ்யூ போறவங்களுக்கு ஒரு சின்ன வீட்டுப்பாடம். "உங்க டீம்ல என்ன டூல் யூஸ் பண்றீங்க?"ன்னு கேட்டால் போட்டோதான் கிடைக்கும். இப்படிக் கேட்டுப் பாருங்க: "இங்க கடைசியா ஒருத்தர் ரிலீஸை நிறுத்தினது எப்போ? அவர் இப்ப என்ன பண்றார்?"

பதில் வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு கவனிங்க. அடுத்த எபிசோடில் பேசுவோம்.