எத்தனை கஜத்தில் சுடப்போகிறாய்?

அன்புள்ள தம்பிக்கு,

வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது, செப்டம்பர் 1 அன்று டெக்சாஸின் கோல்மன் பக்கம் ஒரு சூரியகாந்தி வயலில் இடமும் கிடைத்துவிட்டது என்று எழுதியிருந்தாய். மிகவும் மகிழ்ச்சி. கூடவே இரண்டு கேள்வி கேட்டிருந்தாய்: புறாவுக்கு எந்த சோக் மாட்டுவது, எத்தனையாம் நம்பர் ரவை வாங்குவது?

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இம்ப்ரூவ்ட் சிலிண்டர் சோக். ஒரு அவுன்ஸ் தோட்டா, எட்டாம் நம்பர் அல்லது ஏழரை நம்பர் ஈய ரவை. ஈயத்தை விட்டுவிட மனம் இருந்தால் ஏழாம் நம்பர் ஸ்டீல். கடைக்குப் போய் வாங்கிவர இவ்வளவு போதும். வயலில் துப்பாக்கியோடு நிற்க இது போதாது. மீதியை அதற்காகத்தான் எழுதுகிறேன்.

சோக் என்பது குழல் வாயின் இறுக்கம். 12 கேஜ் குழலின் உள்விட்டம் 0.729 அங்குலம். வாயருகே அதை 0.010 அங்குலம் இறுக்கினால் இம்ப்ரூவ்ட் சிலிண்டர். 0.020 இறுக்கினால் மாடிஃபைட். 0.035 வரை போனால் ஃபுல். கண்ணால் பார்த்தால் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாது. காற்றில் தெரியும். 40 கஜத்தில் 30 அங்குல வட்டம் போட்டால் இம்ப்ரூவ்ட் சிலிண்டரில் ஏறக்குறைய பாதி ரவை அதற்குள் விழும், மாடிஃபைடில் 60 சதவீதம், ஃபுல்லில் 70.

இந்தக் கணக்கைக் கேட்டதும் எவருக்கும் ஃபுல் மேல்தான் ஆசை வரும். எனக்கும் வந்தது. என் முதல் பருவத்தில் ஃபுல் சோக்கும் ஆறாம் நம்பர் ரவையுமாக ஒரு குளக்கரையில் உட்கார்ந்தேன். மாடு தண்ணீர் குடிக்க வெட்டிய குளம். இங்கேயும் அதற்கு டேங்க் என்றுதான் பெயர். சாயங்காலம் புறாக்கள் 20 கஜத்தில் இறங்கின. அந்தத் தூரத்தில் ஃபுல் சோக்கின் விரிப்பு சுமார் 16 அங்குலம்தான். இம்ப்ரூவ்ட் சிலிண்டர் என்றால் 26 அங்குலம் இருந்திருக்கும். மணிக்கு 50 மைலுக்கு மேல் பறக்கக்கூடிய பறவையை அந்தச் சின்ன வட்டத்துக்குள் கொண்டுவர என்னால் முடியவில்லை. பட்ட ஒன்றிரண்டும் நெஞ்சுக்கறி சிதைந்து விழுந்தன.

அதன் பிறகு நடந்ததுதான் உனக்குச் சொல்ல வேண்டியது. இறுக்கமான சோக் இருக்கிறதே என்ற தைரியத்தில், 50 கஜத்துக்குக் குறையாத உயரத்தில் போன ஒரு புறாவைச் சுட்டேன். இறக்கை ஒருபக்கம் தொய்ந்து, சரிந்து சரிந்து போய் சப்பாத்திக்கள்ளிப் புதருக்குள் விழுந்தது. இருட்டும் நேரத்தில் முள்ளை விலக்கித் தேடினேன். கள்ளி மடலுக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்தது. கையில் எடுத்தபோது உடம்பு சூடாக இருந்தது, கண் திறந்து என்னையே பார்த்தது. ஒரே ஒரு ரவை, இறக்கை எலும்பில். வேறெங்கும் காயமில்லை. அதன் உயிரை நானே கையால் முடிக்க வேண்டியிருந்தது. சோக் என் கைத்திறனை நீட்டித் தரும் என்று நம்பியதற்கு அந்தப் பறவை விலை கொடுத்தது.

ரவை நம்பருக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. 17இலிருந்து நம்பரைக் கழி. வருவது நூறில் அத்தனை பங்கு அங்குலம், அதுதான் ஒரு ரவையின் விட்டம். எட்டாம் நம்பர் என்றால் 0.09 அங்குலம், ஆறாம் நம்பர் என்றால் 0.11. நம்பர் ஏறினால் ரவை சிறுக்கும், எண்ணிக்கை பெருகும். ஒரு அவுன்ஸ் ஈயத்தில் எட்டாம் நம்பர் 410 ரவை இருக்கும், ஏழரை 350, ஆறாம் நம்பர் 225 மட்டுமே. நீ சுடப்போகும் புறாவான மோர்னிங் டவ் சுமார் 120 கிராம் எடையுள்ள சின்ன உடம்பு. அதை வீழ்த்தப் பெரிய ரவை வேண்டாம், இரண்டு மூன்று ரவை ஒருசேரப் பட வேண்டும். ஆறாம் நம்பரில் ரவைக்கும் ரவைக்கும் நடுவே ஒரு புறா நுழைந்துபோகும் இடைவெளி விழும். அந்த இடைவெளியின் ஓரத்தில்தான் ஒற்றை ரவைக் காயங்கள் நடக்கின்றன.

இதை என் சொல்லை நம்பி ஏற்காதே, காகிதத்தில் பார். நாலடிக்கு நாலடி காகிதத்தை ஒரு மரச்சட்டத்தில் கட்டு. நடுவில் புள்ளி வை. 30 கஜம் அளந்து நின்று ஒரே ஒரு தோட்டா சுடு. ரவை எங்கே அடர்ந்திருக்கிறதோ அதை நடுவாக வைத்து 30 அங்குல வட்டம் போடு. கெட்டி அட்டையில் புறா அளவுக்கு ஒன்று வெட்டி அந்த வட்டத்துக்குள் நகர்த்திக்கொண்டே போ. ஒரு துளைகூட விழாத இடம் அகப்பட்டால் சோக்கையோ தோட்டாவையோ மாற்று. ஒவ்வொரு சேர்க்கையையும் மூன்று காகிதமாவது சுட்டுப் பார். சோக் டியூபில் எழுதியிருக்கும் பெயர் ஒன்று சொல்லும், உன் குழல் வேறொன்று சொல்லும். குழல் சொல்வதைக் கேள்.

பருவம் போகப் போக இந்த விடையும் மாறும். முதல் வாரத்தில் பறவைகள் பழகாதவை, தாழ்வாக வரும். இம்ப்ரூவ்ட் சிலிண்டர், ஏன், அதைவிடத் தளர்ந்த ஸ்கீட் சோக்கே போதும். வெடிச்சத்தம் கேட்டுப் பழகியவை பிறகு உயர ஏறிவிடும். அப்போது மாடிஃபைடும் ஏழரை நம்பரும் சரி. தெற்கே போனால் வெள்ளைச் சிறகுப் புறா. அது கொஞ்சம் பெரிய உடம்பு, அதற்கும் ஏழரை நம்பர் பொருந்தும்.

ஈயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. புறா தரையில் விதை பொறுக்கித் தின்னும் பறவை. நாம் இறைத்த ஈய ரவையையும் விதையோடு சேர்த்து விழுங்கும். அரைப்பையில் அது அரைபட்டு நஞ்சாகும். நீர்ப்பறவை வேட்டைக்கு 1991 முதல் அமெரிக்கா முழுவதும் ஈயம் கூடாது. புறாவுக்கு டெக்சாஸில் இன்னும் பொதுத் தடை இல்லை. ஸ்டீல் காயப்படுத்தும், கொல்லாது என்று உன்னிடம் பலர் சொல்வார்கள். மாநில வனவிலங்குத் துறை 2008, 2009 பருவங்களில் மத்திய டெக்சாஸில் சோதித்துப் பார்த்தது. சுட்டவருக்கும் பக்கத்தில் நின்று குறித்தவருக்கும் துப்பாக்கிக்குள் இருப்பது ஈயமா ஸ்டீலா என்று தெரியாது. விழுந்த பறவையிலும் காயப்பட்ட பறவையிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. ஸ்டீல் நசுங்காது, அதனால் ரவைக் கூட்டம் கலையாமல் போகும். ஈயத்துக்கு மாட்டுவதைவிட ஒரு படி தளர்ந்த சோக் போதும். பழைய துப்பாக்கியின் நிலையான ஃபுல் சோக்கில் மட்டும் ஸ்டீலைப் போடாதே, குழல் கெடும். சமைக்கும் முன் கறியை விரலால் தடவிப் பார், ஸ்டீல் பல்லை உடைக்கும்.

நம் ஊரில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தால் வேட்டை கூடாது. இங்கே கூடும், வரம்புக்குள். துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறாதபடி அடைப்பு இருக்க வேண்டும். நாளுக்கு 15 பறவை. சட்டம் சொல்லாத வரம்பையும் நீயே போட்டுக்கொள். நீ உட்காரும் இடத்திலிருந்து நான்கு பக்கமும் 30 கஜம் நடந்து ஒரு கல்லோ காய்ந்த கொம்போ நட்டு வை. அதற்கு அப்பால் போகிற பறவை உன்னுடையதல்ல. ஒன்று விழுந்தால் விழுந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் நேராக நடந்து போய் எடு. அதை எடுக்கும்வரை அடுத்ததைச் சுடாதே.

எந்த சோக் என்று கேட்டாய். எத்தனை கஜத்தில் சுடப்போகிறாய் என்று நீ முடிவு செய்த பிறகுதான் அந்தக் கேள்விக்கு விடை உண்டு. செப்டம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்த வருடத்தின் முதல் தோட்டாவைக் காகிதத்தில் சுடு.

அன்புடன்,
உன் அண்ணன்